செங்குளவிக்குப் பேண்ட் மாட்டியது யார்?

அத்தியாயம் 11

போன வாரம் படித்துவிட்டு, 'மஹ்விஷ் என்ன வாயில்லாப் பூச்சியா? இன்னும் எத்தனை வாரம் பம்மிக்கொண்டிருப்பாள்?' என்று என்னைப் பிடி பிடி என்று பிடித்த வாசகிகளே, கொஞ்சம் அவள் இடத்தில் நின்று பாருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு வேலை. வேலை கொடுத்த இடத்தில், புத்தகம் வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்து. ஊரில் ஒரு கூட்டமே அவள் பெயர் தெரியாமல் அவளைத் திட்டுகிறது. நானாக இருந்தால் காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. செங்குளவி ஒரு காலத்தில் சித்திரக்கதைப் புத்தகங்களைக் கலக்கிய வீராங்கனை. நீச்சல் உடை மாதிரி ஒரு சிவப்பு உடுப்பு, முழங்கால் வரை பூட்ஸ், தோளில் பறக்கிற கறுப்புத் துணி. எவன் துப்பாக்கியை நீட்டினாலும் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு, அப்புறம் ஓர் அறை. கடைசிப் பக்கத்தில் மட்டும் என்னதான் வருமோ, இன்ஸ்பெக்டர் தோளில் மயங்கி விழுந்துவிடுவாள்.

நின்றுபோன அந்தப் புத்தகத்தைத் தி.நகர் பதிப்பாளர் மாளவிகா மறுபடி கொண்டு வருகிறாள். புதுச் செங்குளவியை வரைந்தது நம் மஹ்விஷ். பேண்ட் போட்டாள், பொத்தான் வைத்த கோட்டு மாட்டினாள், கோட்டு நிறையப் பாக்கெட் வைத்தாள். மயக்கத்தை எடுத்தாள். கூடவே சிரிப்பையும் எடுத்தாள். புத்தகம் வருவதற்குள் எந்தப் புண்ணியவானோ அட்டைப்படத்தையும் கடைசிப் பக்கத்தையும் இணையத்தில் போட்டுவிட, ஆரம்பித்தது ரகளை.

ரகளையை நடத்துவது 'செங்குளவி ரசிகர் படை'. படைத் தலைவர் 'கொடுக்கு' என்ற புனைபெயரில் எழுதும் ஆசாமி. அந்த ஆசாமி மஹ்விஷின் சொந்த அண்ணன் சஃப்வான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. படம் போட்டது தங்கை என்பது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பூவும் பழமும் வரைந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே வைஃபை. என்னத்தைச் சொல்ல!

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் தி.நகரில் வாசகர் சந்திப்பு.

* * *

ஜைதூன் பீ தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சஃப்வான் போனை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அம்மி, இதப் பாருங்க. செங்குளவிய இன்னா பண்ணி வச்சிருக்காங்க பாருங்க."

ஜைதூன் பீ தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானடா கீது? பாக்கெட்டெல்லாம் வச்சிருக்கா. எனக்கும் ஒரு பாக்கெட்டு வச்சுத் தைச்சுக் குடுங்கன்னு உங்கப்பாவ எத்தினி வருஷமா கேட்டுக்கினு கீறேன்."

"ஐயோ அம்மி! கூரியர் கொண்டாந்து குடுக்கற பொண்ணு மாதிரி கீது. இவளப் பாத்து எவன் பயப்படுவான்?"

மஹ்விஷ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு பாய் வரைஞ்சதாம்?" என்று அண்ணனைக் கேட்டாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"அதான் தெரில. சாயங்காலம் தெரிஞ்சுரும். எங்க படையில கொடுக்குன்னு ஒருத்தர் கீறாரு, மீட்டிங்குல மைக்குலயே பேரச் சொல்றேன்னு எழுதிட்டாரு. பேரு, வீடு, போட்டோ, எல்லாம் வெளிய வந்துரும்." சஃப்வான் இன்னொரு தோசையை இழுத்துக்கொண்டான். "அவரு எழுதினதப் படிச்சியா நீ? 'இத வரைஞ்ச கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்.' நாலாயிரம் பேரு லைக் போட்டுருக்கான்!"

தான் எழுதியதைத் தானே ரசித்துச் சிரித்தான், தடியன்.

"சாப்புடறப்போ இன்னாடா கை, அடுப்புன்னு? தோபா தோபா!" என்று ஜைதூன் பீ அதட்டினாள்.

மஹ்விஷ் அந்த வரியை ஏற்கெனவே பல தடவை படித்திருந்தாள். ஆனால் போனில் படிப்பது வேறு, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அண்ணன் வாயால் கேட்பது வேறு. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. பாதித் தோசையோடு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

* * *

"மஹ்விஷ், நான் சுத்தி வளைச்சுப் பேச விரும்பல," என்றாள் மாளவிகா.

தி.நகர் ஆபீஸ். வெளியே சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஹாரன் அடித்தே மாய்ந்துகொண்டிருந்தார்கள். மாளவிகா நல்லவள்தான். ஆனால் முதல் போட்டவள். அவளுக்கும் தூக்கம் கெட்டுப் பல நாளாகிறது.

"காலையில மட்டும் மூணு புத்தக ஏஜெண்ட் கூப்பிட்டுட்டாங்க. பழைய டிரஸ்ஸே போட்டுருங்க மேடம்னு கெஞ்சறாங்க. வரைஞ்சது யாருன்னே சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கறதாலதான் எல்லாரும் ஏறி மிதிக்கறான். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி கிட்ட குடுத்து வரைஞ்சதுன்னு ஒருத்தன் எழுதறான். கம்ப்யூட்டரே வரைஞ்சதுன்னு இன்னொருத்தன்."

"நான்தான் வரைஞ்சேன்."

"அத எங்கிட்ட சொல்லாத. மேடையில சொல்லு. அந்தக் கையெழுத்துப் பத்திரத்தையெல்லாம் நான் மறந்துட்டேன், நீ பேசலாம். நீ வந்து நின்னு, ஏன் இப்படி மாத்தினேன்னு சொன்னா நான் உன் பக்கம் நிப்பேன். இல்லேன்னா மீட்டிங் முடியறப்போ பழைய செங்குளவியே திரும்பி வருவான்னு அறிவிச்சுருவேன். உன் படம் ஒண்ணுகூட வெளிய வராது. எனக்கு வேற வழியில்ல."

எட்டு மாத வேலை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்து வரைந்தது. கண்ணாடி முன்னால் தானே குதித்துப் பார்த்து, எப்படிக் குதித்தால் பேண்ட் எங்கே மடியும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தது. அதெல்லாம் பீரோவுக்குள் போய்விடும்.

"என் பேரச் சொன்னா இன்னா பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? படத்தை விட்டுருவாங்க. 'பாய் வீட்டுப் பொண்ணுக்குச் செங்குளவியப் பத்தி இன்னா தெரியும்'னு ஆரம்பிப்பாங்க."

மாளவிகா மேஜைமேல் கிடந்த கையை எடுத்து மஹ்விஷின் கைமேல் வைத்தாள். "பேசுவாங்க. பேசமாட்டாங்கன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். மீட்டிங் அஞ்சு மணிக்கு. அதுக்குள்ள நீயே முடிவு பண்ணு."

* * *

தரமணி ஆபீஸில் சஃப்வானுக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் மைக் பிடித்து என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, புகழேந்தியிடமிருந்து அழைப்பு. அசோக் நகர் புகழேந்தி, படையின் உப தலைவன். வாய் திறந்தால் மூடத் தெரியாது.

"தல, அச்சாபீசுல தெரிஞ்ச பையன் ஒருத்தனக் கேட்டுட்டேன். பேரு அவனுக்கும் தெரிலயாம். ஆனா பெரிய சைசுல அட்டைப்படத்த அனுப்பியிருக்கான். கோட்டுல கடைசிப் பொத்தானப் பெருசு பண்ணிப் பாரு நைனா. காமெடியா கீது!"

படம் வந்தது. சஃப்வான் பெரிதாக்கிப் பார்த்தான். கோட்டில் எல்லாப் பொத்தானும் கறுப்பு நூலில். கடைசிப் பொத்தான் மட்டும் பச்சை நூலில்.

"பாத்தியா? கலர் அடிக்கக்கூடத் தெரில! இதுக்குப் பேரு ஆர்டிஸ்டு! இத வச்சே சாயங்காலம் கிழிச்சுரலாம்!"

சஃப்வான் அழைப்பைத் துண்டித்தான். அந்தப் பச்சை நூலை அவனுக்குத் தெரியும்.

அவன் அப்பா ஷரீஃப், மயிலாப்பூரில் நாட்டிய உடுப்பு தைக்கிறவர். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உடுப்பு முழுக்கத் தைத்து முடித்ததும் கடைசிக் கொக்கியை மட்டும் வேறு நிற நூலில், பச்சையில், தைப்பார்கள். கண்ணேறு படாமல் இருக்க. எவ்வளவு அழகாகத் தைத்தாலும் ஒரு கோணல் இருக்க வேண்டும், முழு அழகோடு ஒரு பெண்ணை மேடைக்கு அனுப்பக் கூடாது என்பது ஜைதூன் பீயின் கட்சி. அந்தக் கொக்கியைத் தைப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. முதலில் சஃப்வான் தைத்தான். அவன் கல்லூரிக்குப் போனதும் அந்த வேலை மஹ்விஷுக்கு வந்தது.

உடனே அப்பாவைப் போனில் கூப்பிட்டான்.

"அப்பா, நம்ம பச்சை நூலு... வேற கடையில யாராச்சும் அப்படித் தைப்பாங்களா?"

"எவன் தைப்பான்? உங்க அம்மி பண்ணின கூத்து அது. ஒரு தடவ ஒரு டான்ஸ் டீச்சரம்மா, பாய் நூலு மாறிப் போச்சேன்னு கடைக்கே வந்து சண்டை போட்டாங்க. ஏண்டா, இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்தான். பழக்கதோஷம். யோசித்திருக்கவே மாட்டாள். உடுப்பு முடிந்தது, கை தானாகப் பச்சைக்குப் போயிருக்கிறது.

காலையில் சாப்பிடும்போது அவள் தலையைத் தூக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. சஃப்வானுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மஹ்விஷுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. செய்தி அனுப்பலாம் என்று ஆரம்பித்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்தான். பிறகு கையை உடைக்கச் சொன்ன அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து நீக்கினான். புலி வாலைப் பிடித்தவன் விட நினைத்தால் மட்டும் ஆகிவிடுமா? அதைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேர்.

புகழேந்தியிடமிருந்து செய்தி: 'இன்னா தல, போஸ்ட்ட தூக்கிட்ட? எவனாச்சும் மெரட்டினானா?'

சஃப்வான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

* * *

மண்டபத்தில் உட்கார இடமில்லை. பழைய செங்குளவி படம் போட்ட பனியனில் பாதிப் பேர். மஹ்விஷ் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் போவதா, வெளியே போவதா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

முன்வரிசையில் ஒருவன் அட்டையைத் தூக்கிப் பிடித்தான். எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். 'பேண்டைக் கழட்டு' என்று இருந்தது. சிரித்தார்கள், கை தட்டினார்கள். மாளவிகா மேடையிலிருந்து இறங்கிப் போய் அதைப் பிடுங்கிக் கிழித்தாள். அதற்கும் ஊளை.

அப்போதுதான் ஒரு பெண்மணி எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினாள். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஆபீஸ் பை.

"என் பேரு ஜோதிலட்சுமி. பெசன்ட் நகர்லேந்து வரேன். பேண்ட் போட்டா போட்டுட்டுப் போறா, எனக்கு ஒண்ணுமில்ல. அந்த மயக்கம் போனதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அவ சிரிப்ப ஏன் எடுத்தீங்க? கல்யாணமாகி நான் போன வீட்ல பொம்பள சத்தமாச் சிரிக்கக் கூடாது. பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு இந்தப் புத்தகத்தப் படிப்பேன். அவ சிரிப்பா, நானும் சிரிப்பேன். அத எடுத்துட்டுக் கோவத்த மட்டும் குடுத்திருக்கீங்க. கோவம் எங்கிட்டயே நெறைய இருக்குங்க."

மஹ்விஷுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் வந்த ஏச்சு எதுவும் செய்யாததை இந்த ஒரு பேச்சு செய்தது. நியாயம் என்று தோன்றியது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றாள்.

அதே நேரம் புகழேந்தி நாற்காலிமேல் ஏறினான். "அதெல்லாம் கெடக்கட்டும்! வரைஞ்சது எவன்னு தெரிஞ்சாவணும்! கொடுக்கு அண்ணன் வந்துட்டாரு! அண்ணே, மைக்கப் புடி, பேரச் சொல்லு!"

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மஹ்விஷும் திரும்பினாள். தன் கையை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்ன அந்த மகானை இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்றுதான் திரும்பினாள்.

கையில் ஹெல்மெட்டோடு சஃப்வான் வந்துகொண்டிருந்தான்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தன்னைத் தேடி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். புகழேந்தி அவன் தோளில் கை போட்டு மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் புரிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

சஃப்வான் மைக் முன்னால் நின்றான். கடைசி வரிசையில் அவளைப் பார்த்துவிட்டான். 'வேண்டாம்' என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான்.

"பேரு எனக்குத் தெரியும்," என்றான். "ஆனா சொல்ல மாட்டேன்."

"இன்னாது?"

"சொல்ல மாட்டேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான், கொட்டியது குளவிக்கூடு. "எவ்ளோ வாங்கின?" "மேடம் காசு குடுத்துட்டாங்கப்பா!" "துரோகி!" புகழேந்திக்கு முகமே செத்துவிட்டது. "இன்னா தல, இப்படிக் கவுத்துட்ட? எங்கள எல்லாம் உசுப்பேத்தி விட்டதே நீதான!"

தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து மேடையில் விழுந்தது. மாளவிகா மைக்கை வாங்கினாள். கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தாள். "எல்லாரும் உக்காருங்க. பதிப்பகம் சார்புல ஒரு அறிவிப்பு..."

"மேடம், நான் பேசணும்."

கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மஹ்விஷ் வரிசைகளுக்கு நடுவே நடந்து போனாள். மேடை ஏறினாள். அண்ணனைத் தாண்டிப் போனாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் மஹ்விஷ். மயிலாப்பூர் ஷரீஃப் டெய்லர் மகள். இத வரைஞ்சது நான்தான்."

பேச ஆரம்பித்தபோது குரல் உடைந்தது. அப்புறம் நிதானப்பட்டது.

"பேண்டக் கழட்டச் சொல்றீங்க. கழட்ட மாட்டேன். மாடியிலேந்து மாடிக்குத் தாவற ஒருத்தி எத மாட்டிக்குவான்னு நான் தாவிப் பாத்துத்தான் வரைஞ்சேன். ஆனா ஜோதிலட்சுமி அக்கா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. சிரிச்சா இவள யாரும் மதிக்க மாட்டாங்கன்னு பயந்து சிரிப்ப எடுத்துட்டேன். அது என் பயம், அவ பயமில்ல. அத நான் திரும்பக் குடுக்கறேன். மத்தபடி திட்டணும்னா இனிமே என் பேரச் சொல்லியே திட்டுங்க."

யாரோ ஊளையிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். நூறு போன்கள் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. "சொன்னேன்ல, பாய் வீட்டுப் பொண்ணு!" என்று ஒரு குரலும் கேட்டது. அவள் எதிர்பார்த்ததுதான்.

மாளவிகா அறிவிப்பைப் படிக்கவில்லை. "புத்தகம் இந்தப் படத்தோடதான் வரும்," என்று மட்டும் சொன்னாள்.

* * *

சஃப்வான் அவளைத் தெருவில்தான் பிடித்தான்.

"மஹ்வி, ஏறு. வீட்டுக்குப் போயிரலாம். கடைப் பேரு வேற சொல்லிட்ட, இனிமே இன்னா நடக்குமோ..."

"நான் ஆட்டோவுல போய்க்கறேன்."

"தப்புதாண்டி. சத்தியமா நீன்னு தெரியாது. தெரிஞ்சதும் அந்தப் போஸ்ட்டத் தூக்கிட்டேன். நீயே பாத்தல்ல, மேடையில நான் பேரச் சொல்லல."

"பாத்தேன்."

"எல்லாரும் காறித் துப்பினாங்க. அப்பவும் சொல்லல."

மஹ்விஷ் அவனை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். இரண்டும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பாய். வரைஞ்சது வேற வீட்டுப் பொண்ணா இருந்தா, பேரச் சொல்லியிருப்பல்ல?"

சஃப்வான் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பினான்.

"சொல்லியிருப்ப," என்றாள் அவள். "வீட்டையும் சொல்லியிருப்ப."

ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கடை வாசலில் மனிதர்கள் இடித்துக்கொண்டு போவதுகூடத் தெரியாமல் நின்றான்.

போன் அடித்தது. அப்பா.

"சஃப்வா, மஹ்விஷ் எங்கடா? பக்கத்துக் கடைப் பசங்க இப்பத்தான் போனக் கொண்டாந்து காட்டினாங்க. எம்பொண்ணு மேடையில பேசறா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. அது சரி, அத அப்புறம் பேசிக்கலாம்." ஷரீஃபின் குரல் திடீரென்று இறங்கியது. "கூடவே இன்னொண்ணும் காட்டினாங்க. அவ கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்னு எவனோ எழுதியிருக்கானாமே? கொடுக்குன்னு பேராம்."

சஃப்வான் ஹெல்மெட்டைக் கடைப் படியில் வைத்தான்.

"உங்க அம்மி அழுதுக்கினு உக்காந்துருக்கா. நீ கம்ப்யூட்டர் படிச்சவன், உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். போலீசு கீலீசெல்லாம் வேணாம். அவன் யாரு, எந்த வீட்டுப் பையன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. அவன் அப்பன் கிட்டப் போய் நான் நேரா ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"அப்பா..."

"சொல்லுடா. தெரியுமா உனக்கு அவன?"